ஷெல்டர்ல சம்மர் கேம்ப்

மே மாசம் சென்னைல ஒரு அனிமல் ஷெல்டர்ல பசங்க சம்மர் கேம்ப்ப பாத்துக்குறேன், எல்லாம் எட்டுலேர்ந்து பன்னெண்டு வயசு வாண்டுங்க, உள்ள வந்ததுமே நேரா நாய்க்குட்டிங்ககிட்டதான் ஓடுவாங்க. ஆனா நான் மொதல்ல சொல்லிக் குடுக்குறது தொடாம இருக்குறது எப்படின்னுதான். கண்ணுக்கு நேரா மொறச்சுப் பாக்காத, பக்கவாட்டுல நில்லு, கைய தலைக்கு மேல கொண்டு போகாத, அதுவா வந்து மோந்து பாக்கட்டும், அப்புறம் தாடைக்குக் கீழ தடவு.

ஒரு பாப்பா ஒரு நாயப் பாத்து, "அக்கா, இதோட காத யாரு வெட்டுனா?"ன்னு கண்ணு கலங்கிக் கேட்டா. இல்லடா தங்கம், கருத்தடை ஆபரேஷன் பண்ணி ரேபிஸ் ஊசியும் போட்டாச்சுன்னு அடையாளம், மயக்கத்துல இருக்கும்போதே பண்ணிடுவாங்கன்னு சொன்னேன். நம்ம ஊர்ல ப்ளூ கிராஸ்ங்குற விலங்கு நல அமைப்பு 1964லயே தெருநாய்ங்களுக்குக் கருத்தடைய ஆரம்பிச்சிட்டாங்க, எனக்கு அதுல ரொம்பப் பெருமை.

இன்னொன்னு தெனமும் சொல்ல வெப்பேன். நாய் கடிச்சாலோ பிராண்டினாலோ உடனே கொழாயத் தொறந்து சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், மஞ்சள், சுண்ணாம்பு, மொளகாப்பொடி எதுவும் வெக்கக்கூடாது, நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கணும். வீட்டுல பாட்டிக்கும் சொல்லுங்கன்னு அனுப்புவேன்.

கடைசி நாள் தெருவுல இருக்குற விலங்குங்க குடிக்குறதுக்கு ஆளுக்கொரு சிமெண்ட் தண்ணித்தொட்டி குடுக்குறோம். வாசல்ல நிழலாப் பாத்து வைங்க, தெனமும் கழுவி தண்ணி மாத்துங்க, இல்லன்னா கொசு முட்டை போட்ரும்.