இரும்பைப் பிடுங்கிய வாசல்

ஜெர்மனியின் ட்ரியர் நகருக்குக் குடிவந்த முதல் மாதம் எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம் போர்ட்டா நீக்ரா என்ற பழைய கோட்டை வாசல். பஸ் நிறுத்தத்துக்கும் அதே பெயர். எங்கள் தெருப்பெயர் வாயில் நுழையாது. அங்கே இறங்கிவிட்டால் வீட்டுக்கு வழி தெரியும். மொழி வகுப்புக்கு ஓடுகிற அவசரத்தில் அண்ணாந்து பார்க்க நேரம் ஏது?

ஒரு ஞாயிறு பால் வாங்கக் கிளம்பினேன். ஞாயிறென்றால் கடை கிடையாது என்பது நடந்து போன பிறகுதான் உறைத்தது. வெறும் பையோடு திரும்பும்போது அந்த வாசலடியில் நின்றேன். கி.பி. 170 வாக்கில் ரோமர்கள் எழுப்பிய கோட்டை வாசல். சாந்து பூசாமல் மணற்கல்லை அடுக்கி, இரும்புக் கொக்கிகளால் பிணைத்து, ஈயம் ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள். கல்லெங்கும் குழிகள். போரில் குண்டு பட்டதோ என்று நினைத்தேன். இடைக்காலத்தில் இரும்புக்கும் ஈயத்துக்கும் ஆசைப்பட்டுக் குடைந்ததாம். வீடியோ காலில் அம்மாவுக்குக் காட்டினேன். "அங்கயும் பழைய இரும்புக்காரன் இருந்திருக்கான் போல கண்ணு" என்றார்.

மிச்சத்தைக் காப்பாற்றியவர் சிமியோன் என்ற துறவி. உள்ளேயே தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்து 1035-இல் இறந்தார். பிறகு கட்டடம் தேவாலயமானதால் யாரும் கைவைக்கவில்லை. 1804-இல் நெப்போலியன் வந்து தேவாலயத்தை அகற்றச் சொன்னார். ரோம வாசல் மறுபடி வெளியே வந்தது.

ரோமர் காலப் பேரரசர் குளியல் மண்டபத்தையும் சுற்றினேன். அவ்வளவு பெரிதாகத் தொடங்கிவிட்டு, குளிக்கிற அளவுக்குக் கட்டி முடிக்கவே இல்லை. நம் ஊர் ஒப்பந்த வேலை ஞாபகம் வந்தது.

என்னைக் கட்டிப்போட்டது அருங்காட்சியகம்தான். 1993-இல் நிலத்தடி கார் நிறுத்தத்துக்குத் தோண்டியபோது கிடைத்த புதையல்: 2,500-க்கு மேற்பட்ட ரோமத் தங்கக் காசுகள், 18.5 கிலோ. எனக்குச் சொந்த ஊர் கரூர். அமராவதி மணலில் ரோமக் காசு கிடைத்த கதை கேட்டு வளர்ந்தவள். அங்கே கிடைத்தவற்றில் அகஸ்டஸ், டைபீரியஸ் முகங்கள்; இங்கே நீரோவும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும். கண்ணாடியில் மூச்சுப் படிய நின்றதைப் பார்த்துக் காவல்காரப் பெண் அருகில் வந்தார். 'எங்கள் ஊர் ஆற்றிலும்...' என்று சொல்ல வாயெடுத்தேன். ஜெர்மனில் ஆறு என்ற சொல்லுக்கு முன்னால் ஆண்பால் 'டேர்' போடுவதா, பெண்பால் 'டீ' போடுவதா என்று யோசிப்பதற்குள் அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். மூடும் நேரம்.