வரைபடம் கிளம்பிய பிறகு

கட்டமைப்புப் பொறியாளர் என்றால் நாள் முழுவதும் கணக்குப் போடுபவர் என்றே பலர் நினைக்கிறார்கள். ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்த புதிதில் அது உண்மைதான். மூத்த பொறியாளரான பிறகு கணக்கு இளையவர்கள் கைக்குப் போய்விட்டது. என் நேரத்தின் பெரும்பகுதி இப்போது, வரைபடம் அலுவலகத்தை விட்டுக் கிளம்பிய பிறகு வருகிற மாற்றங்களுக்கே செலவாகிறது.

"சார், கீழே கார் திரும்ப இடம் போதவில்லை. இந்த ஒரு தூணை மட்டும் கொஞ்சம் தள்ளிக்கொள்ளலாமா?" சென்னையில் அடுக்குமாடி கட்டும் யாரிடமிருந்தும் இந்தத் தொலைபேசி அழைப்பு வரலாம். கீழே தள்ளிய தூணை மேல்மாடிகளில் தள்ள முடியாது. அங்கே அறைகளின் அமைப்பு முடிவாகியிருக்கும். ஆகவே மேலிருந்து வரும் தூண் அந்தரத்தில் ஒரு பீமின் மேல் உட்காரும். நேராக அஸ்திவாரத்துக்கு இறங்க வேண்டிய சுமை பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போகும். நிலம் அசையாத வரை பெரிய பீம் போட்டுச் சமாளிக்கலாம். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் அருகே பூமி அதிர்ந்தபோது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் கீழ்த்தளத்தை வாகனம் நிறுத்தத் திறந்துவிட்டிருந்த குடியிருப்புகள் பல நொறுங்கின. மறு ஆண்டு திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 என்ற இந்திய நிலநடுக்கத் தர விதி, சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றியது. அதற்குப் பிறகும் 'ஒரு தூண்தானே' என்று கேட்பவர்களுக்கு நான் பொறுமையாகத்தான் விளக்குகிறேன், ஆனால் விட்டுக்கொடுப்பதில்லை.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு 1981இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் நடந்ததை நான் கட்டாயம் சொல்வேன். ஹயாட் ரீஜன்சி விடுதியின் கூடத்தில், இரண்டாம் மாடி நடைபாலத்தையும் அதற்கு நேர்மேலே நான்காம் மாடி நடைபாலத்தையும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாகத்தான் முதலில் வரைந்திருந்தார்கள். செய்வதற்கு எளிது என்று அதை இரண்டு கம்பிகளாகப் பிரித்தார்கள். கீழ்ப்பாலம் மேற்பாலத்திலிருந்தே தொங்கியது. மேற்பால இணைப்பின் மீது விழும் சுமை இரட்டிப்பானது. பாலங்கள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். அந்த மாற்றம் இருந்த வரைபடத்தில் பொறியாளரின் ஒப்புதல் முத்திரை இருந்தது. அதனால்தான் எந்த மாற்றத்துக்கும் நான் தொலைபேசியில் சம்மதம் சொல்வதில்லை. எழுத்தில் வர வேண்டும், கணக்கு மறுபடி ஓட வேண்டும், புதிய திருத்த எண்ணோடு வரைபடம் போக வேண்டும், பழையது கட்டுமான இடத்திலிருந்து அகற்றப்பட வேண்டும்.

மாற்றம் கேட்பவர்கள் எல்லோரும் விவரமறியாதவர்கள் அல்லர். தூணின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் முனைக் கொக்கிகளை 135 டிகிரிக்கு உள்நோக்கி மடக்க வேண்டும் என்பது, நிலநடுக்கத்தைத் தாங்கும் கம்பி அமைப்புக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 13920இன் விதி. நிலநடுக்கத்தில் கம்பிகளை மூடியிருக்கும் வெளிக் கான்கிரீட் உதிர்ந்தால் 90 டிகிரி கொக்கி பிரிந்துவிடும், நீளக் கம்பிகள் வெளியே பிதுங்கும். இதைச் சொன்னபோது கம்பி கட்டும் மேஸ்திரி ஒருவர், பீமும் தூணும் சேரும் இடத்தைக் காட்டினார். "இதற்குள் கொக்கியையும் மடக்கிவிட்டால் வைப்ரேட்டர் எங்கே சார் இறங்கும்? பலகையைப் பிரித்தால் ஜல்லிதான் தெரியும்." கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் உள்ளே இறங்காவிட்டால் கான்கிரீட்டில் பொந்துகள் விழும். அவர் சொன்னது முழுக்கச் சரி. நான்கு பக்கமிருந்தும் பீம் கம்பிகள் வந்து மோதும் இடம் அது. கணினித் திரையில் அவை வெறும் கோடுகளாக ஒன்றை ஒன்று ஊடுருவிப் போய்விடுகின்றன. விதியைத் தளர்த்த முடியாது. தூணை அகலப்படுத்தலாம், கம்பியின் தடிமனைக் கூட்டி எண்ணிக்கையைக் குறைக்கலாம். நெருக்கடியான இணைப்புகளைப் பெரிய அளவில், ஒவ்வொரு கம்பியும் உண்மையான தடிமனோடு வரைந்து பார்த்த பிறகே அனுப்பும் வழக்கம் எங்கள் குழுவில் அப்படித்தான் வந்தது. திறமையான மேஸ்திரியின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்காத பொறியாளரை நான் நம்பமாட்டேன்.

அந்தப் பேச்சைக் கேட்க நேரில் போக வேண்டும். ஆனால் கட்டணம் பேசும்போது உரிமையாளர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான். வரைபடம் கொடுத்தால் போதும், மீதியைக் காண்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்பார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. கான்கிரீட் கொட்டிவிட்டால் உள்ளே கம்பி எப்படி இருக்கிறது என்பதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. இப்போதெல்லாம் எங்கள் ஒப்பந்தங்களில் கான்கிரீட்டுக்கு முந்தைய கம்பிச் சோதனையைத் தனிப் பிரிவாக எழுதுகிறேன். மொத்தக் கட்டணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சம்மதிப்பேன், அந்தப் பிரிவை அடிக்கச் சம்மதிப்பதில்லை. அதனால் சில வேலைகள் வேறு நிறுவனங்களுக்குப் போயிருக்கின்றன.