மூன்றாவது நடுப்புள்ளி

"ஜெல் மிச்சம் கிடக்கு மிஸ், திரும்ப அளக்கட்டா?"

"வேணாம் பிள்ள."

ஆய்வுகூடத்தில் என் மாணவியோடு பேச்சு இவ்வளவுதான். மட்டக்களப்பில் கச்சான் என்கிற அந்தச் சூட்டுக் காற்று அடிக்கத் தொடங்கினாலே எனக்கு அது ஞாபகம் வந்துவிடுகிறது.

நோவுக்குப் பூசும் டைக்குளோபினாக் ஜெல்லுக்கு, காரணிகளை ஒழுங்காக மாற்றிப் பார்க்கும் பொக்ஸ்-பென்கன் என்ற பரிசோதனைத் திட்டத்தில் 15 கலவை போட்டோம். ஜெல்லைத் தடிக்கவைக்கும் கார்போபோல், கரைப்பானான புரோபிலீன் கிளைக்கோல், கலக்கும் வேகம் என்று மூன்று காரணிகள். 12 கலவைகளில் அளவுகள் மாறும். மிச்சம் 3 நடுப்புள்ளிகள், மூன்று காரணிகளும் நடு அளவில், அச்சொட்டாக ஒரே கலவை. அதே கலவையைத் திரும்பச் செய்தால் எவ்வளவு விலகும் என்று அவைதான் சொல்லும். முதல் நாளே அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

மூன்றாவது நடுப்புள்ளியின் பிசுக்குமை, அதாவது ஜெல்லின் தடிப்பு, மற்ற இரண்டையும் விட நன்றாகக் குறைந்திருந்தது. ஸ்பட்டுலாவில் எடுத்தால் கூம்பாக நிற்க வேண்டிய ஜெல், மெல்லச் சரிந்தது. கொப்பியில் எழுதியிருந்தாள்: "ஏசி இல்லை, அறை 34 பாகை." 25 பாகையில் அளக்க வேண்டியது. காரணம் எழுத்தில் இருக்கிறது, அந்த அளவீட்டை விலக்கலாம். அறிக்கையோ அடுத்த நாள் போக வேண்டும். இரண்டு நடுப்புள்ளிகளோடு கணக்குப் பார்த்தேன், மாடல் அழகாகப் பொருந்தியது.

அப்படி விலக்கியது பிழை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. கார்போபோல் ஜெல் வெப்பத்துக்கு அவ்வளவாக இளகாது. ஒன்பது பாகை கூடியதற்காக அந்தளவு இறங்குமா? கார்போபோலின் அமிலத்தை நடுநிலையாக்கித் தடிக்கவைக்கச் சேர்க்கிற டிரைஎத்தனோலமைன் குறைந்து பீஎச் ஏறாமல் விட்டிருந்தாலும் அப்படித்தான் இளகும். அது அளவீட்டின் பிழை இல்லை, செய்முறையின் பிழை. ஆலையில் கலக்கும்போதும் வரும். டைக்குளோபினாக் உப்பாகவும் இருப்பதால், உப்பு கார்போபோலை இளக்குவதால், ஜெல் ஏற்கெனவே இளக்கம்தான், கொஞ்சம் பிசகினாலும் தெரியும்.

25 பாகைக்குக் கொண்டுவந்து திரும்ப அளந்து, கூடவே பீஎச்சையும் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதைத்தான் அவள் கேட்டாள். நேரமில்லை என்று நினைத்துக்கொண்டேன். சரி, நேரம் இல்லாமலும் இருந்தது. ஆனால் அந்த எண் இரண்டாம் தரமும் குறைவாக வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதும் அப்போதே எனக்குள் ஓடியது.

இரண்டு நடுப்புள்ளிகள் ஒத்துப்போவது தற்செயலாகவும் நடக்கும். அறிக்கையில் அதை எழுதவில்லை. வெப்பநிலை என்று ஒரு வரிதான் எழுதினேன்.

அந்தப் போத்தலை அவள் கழுவவில்லை. திகதி ஒட்டி, மேசை ஓரத்தில் ஒரு கிழமை வைத்திருந்தாள். நான் மூடியைத் திறக்கவில்லை.