முன்பற்கள்

ஹார்ன் என்னும் சுருண்ட பித்தளை ஊதுகருவியை வாசிப்பது என் பிழைப்பு. ஒருமுறை மாடிப்படியில் தவறி விழுந்து, மேல்வரிசை முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்துபோனது. பேசவும் சாப்பிடவும் இடைஞ்சல் இல்லை. ஆனால் ஹார்னை உதட்டில் பொருத்தியபோது, உதட்டுக்குப் பின்னாலிருந்து அதைத் தாங்கும் பல் மாறிவிட்டிருந்ததால், இருபது ஆண்டுகளாக என் சொல் கேட்டுவந்த சுரங்களில் ஒன்றுகூட நிலைத்து நிற்கவில்லை. வேலையின்றிக் கழிந்த அந்த மூன்று வாரங்களில் பதினெட்டாம் நூற்றாண்டின் ஹார்ன் கலைஞர் ஜொவானி பூந்தோவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1746-இல் பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்த அவருடைய இயற்பெயர் யான் வாட்ஸ்லவ் ஷ்டிக். அந்தக் குடும்பத்தின் எஜமானரான துன் பிரபு தம் செலவில் அவரைப் பிராக், மியூனிக், ட்ரெஸ்டன் நகரங்களுக்கு அனுப்பி ஹார்ன் கற்பித்தார். சுரத்தை மாற்ற விரலால் அழுத்தும் வால்வுகள் இல்லாத அக்காலக் கருவியில் தானாக எழும் சுரங்கள் சிலவே; கீழே போகப்போக அவற்றுக்கிடையே இடைவெளி அதிகம். கருவியின் விரிந்த வாய்க்குள் கையை நுழைத்து, அடைப்பைக் கூட்டியும் குறைத்தும் அந்த இடைவெளிகளை நிரப்பும் முறையை வளர்த்தவர் ட்ரெஸ்டன் ஆசிரியர் ஹம்பல். அதை ஐரோப்பிய மேடைகளெங்கும் கொண்டுசென்றவர் இந்த மாணவர்.

ஊர் திரும்பிச் சில ஆண்டுகள் பிரபுவிடம் ஊழியம் செய்தவர், இருபது வயதளவில் நண்பர்களுடன் தப்பியோடினார். பின்னால் ஆட்களை அனுப்பிய பிரபு, பிடித்துவர முடியாவிட்டால் அவருடைய முன்பற்களையாவது உடைத்துவிடும்படி கட்டளையிட்டதாகச் சொல்கிறார்கள். கொல்லச் சொல்லவில்லை, கையை முறிக்கச் சொல்லவில்லை. தாம் பணம் கொடுத்து வளர்த்த வித்தை உடம்பில் எங்கே குடியிருக்கிறது என்பதை அவர் சரியாக அறிந்திருந்தார். உடைந்த பல்லோடு அதை நினைத்தபோது என் உடல் நடுங்கியது.

ஜெர்மன் மொழியில் ஷ்டிக் என்றால் குத்து; அதையே இத்தாலியப் பெயராக்கிக்கொண்டு பூந்தோ ஆனவர், 1776 முதல் 1788 வரை பாரிஸின் கோன்சேர் ஸ்பிரிட்யுவெல் கச்சேரிகளில் 49 முறை வாசித்தார். அவருடைய வாசிப்பு பிரமாதம் என்று 1778-இல் மோட்சார்ட் தந்தைக்கு எழுதினார். தமக்கெனக் கச்சேரி இசையும், மற்றவர்களுக்கென அன்றாடப் பயிற்சிகளும் இயற்றிய அவர், 1803-இல் பிராகில் இறந்தார்.

1800 ஏப்ரல் 18 அன்று வியன்னாவில் அவருடன் பியானோ வாசித்தவர் பீத்தோவன். அன்று இருவரும் வாசித்த சொனாட்டாவை, அதாவது ஹார்னுக்கும் பியானோவுக்குமான இசைப்படைப்பை, பீத்தோவன் அவருக்காகவே எழுதியிருந்தார். பூந்தோ கீழ்ச்சுரங்களில் தேர்ந்தவர். இசைக்குழுவில் கீழ்ச்சுரங்களைக் கவனிக்கும் இரண்டாம் ஹார்ன் வாசிக்கும் எனக்கு அதில் தனியொரு பெருமை உண்டு. பல்லைச் சரிசெய்த மறுநாள் அந்த சொனாட்டாவைத்தான் எடுத்தேன். பியானோ சேர்வதற்கு முன் ஹார்ன் தனியாக ஒலிக்கும் அதன் முதல் வரியைப் பிசிறின்றி வாசிக்க நான்கு நாட்கள் ஆயின.