ஸ்டூவர்ட் கிண்டலை நிறுத்திய இரவு

அமெரிக்காவின் பின்னிரவு அரசியல் நகைச்சுவை நிகழ்ச்சிகளை வெறும் கேலிக்கூத்து என்பவர்களிடம் 2010 டிசம்பரைத்தான் சொல்வேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் இடிபாடுகளில் மீட்புப் பணி செய்து, நச்சுத் தூசியால் நோயுற்றவர்களுக்கு மருத்துவ உதவி தரும் மசோதா செனட்டில் முடங்கிக் கிடந்தது. அப்படியொரு நிகழ்ச்சியான ‘தி டெய்லி ஷோ’வில் அதன் தொகுப்பாளர் ஜான் ஸ்டூவர்ட் அந்தப் பணியாளர்கள் நால்வரை உட்காரவைத்துப் பேசவிட்டார். சில நாட்களிலேயே மசோதா நிறைவேறியது. அவர் ஒருவரால் மட்டுமல்ல. பலர் ஆண்டுக்கணக்கில் போராடியிருந்தார்கள். ஆனாலும் அந்த ஒளிபரப்பு கொடுத்த அழுத்தம் பெரியது.

2019இல் அவர்களுக்கான இழப்பீட்டு நிதி வற்றத் தொடங்கியது. நிகழ்ச்சியிலிருந்து 2015இலேயே விலகிவிட்ட ஸ்டூவர்ட், நாடாளுமன்றக் குழு முன் போய் உட்கார்ந்தார். உறுப்பினர்களின் காலி நாற்காலிகளைச் சுட்டிக்காட்டி, குரல் தழுதழுக்கக் கோபப்பட்டார். இவருடைய கிண்டலை நான் மதிப்பது இந்தக் கோபத்துக்காகத்தான்.