யாராவது செய்தால் நல்லதுதான்

எங்கள் குடியிருப்பு மேற்கு மாம்பலத்தில் இருக்கிறது. தரைத்தளமும் மூன்று மாடிகளும், தளத்துக்கு மூன்று வீடு, ஆகப் பன்னிரண்டு வீடுகள். பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்கு அருகில் ஒரு பழைய கிணறு. நாங்கள் குடிவந்த 2008லிருந்தே சிமெண்ட் பலகை போட்டு மூடியிருந்தது. பலகை மேல் உடைந்த சைக்கிள், காய்ந்துபோன பெயின்ட் டப்பாக்கள், யாரோ விட்டுப்போன துளசி மாடம். தினமும் அதைக் கடந்துதான் துணி உலர்த்தப் போவேன். பதினோரு வருடம் ஒரு நாள்கூட அது எனக்குக் கிணறாகத் தெரியவில்லை.

2019 ஜூன் மாதம் சென்னையில் இருந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கத்துக்கு வந்தது. எங்கள் கட்டடத்துக்கு 12,000 லிட்டர் லாரி ஒன்று, பணம் கட்டி ஐந்து நாள் காத்திருந்தால் வரும். வந்த தண்ணீர் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் படிக்கட்டில் சண்டை. "அந்த வீட்டுல வாஷிங் மெஷின் ஓடுது", "இவங்க வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்க" என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் வீட்டுக் குழாயையே கணக்குப் பார்த்தோம்.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணக்கில்லாமல் நடக்கிற சண்டை எனக்குத் தாங்காது. சம்ப்பில், அதாவது தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியில், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியவில்லை. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து "பாதி இருக்கு" என்பார் வாட்ச்மேன் அண்ணன். அவ்வளவுதான் கணக்கு. எங்கள் சம்ப் பத்தடிக்கு எட்டடி. ஓர் அங்குல உயரத்துக்கு ஏறக்குறைய 190 லிட்டர். ஒட்டடைக் குச்சி ஒன்றில் அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் சம்ப்பில் விட்டு அளந்தேன். மகனுடைய பழைய கரும்பலகையைப் படிக்கட்டுக்குக் கீழே மாட்டி லிட்டர் கணக்கை எழுதிவைத்தேன். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

நான்கைந்து நாளில் படிக்கட்டுப் பேச்சு மாறியது. "நேத்து 4,900 ஆயிருக்கே, ஏன்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். யார் எடுத்தது என்பது போய், ஏன் இவ்வளவு ஆனது என்பது வந்தது. இந்த மாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. எண் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் இருந்ததாலேயே மூன்றாம் மாடிக்காரரும் தரைத்தளத்துக்காரரும் ஒரே பக்கம் நின்று பேசினார்கள்.

ஒரு நாள் காலை கணக்கு உதைத்தது. ராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவில் ஆயிரம் லிட்டருக்கு மேல் குறைந்திருந்தது. மறுநாள் ஐந்து மணிக்கே எழுந்து கீழே போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பால் பாக்கெட் வாங்கிவர வாட்ச்மேன் அண்ணன் வெளியே போயிருந்தார். மேல்தொட்டி நிரம்பி மொட்டை மாடியில் வழிய, அந்தத் தண்ணீர் மழைக்குழாய் வழியாக இறங்கி வாசலுக்கு வெளியே சாலையோரக் கால்வாயில் கொட்டியது. ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். அப்புறமும் இரண்டு நிமிடம் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தொட்டித் தண்ணீர் இப்படிப் போகிறதென்றால், மாடியில் விழுகிற மழையும் இந்த வழியாகத்தானே போகும்?

அன்று மாலை பேப்பரில் போட்டுப் பார்த்தேன். எங்கள் மொட்டை மாடி சுமார் 3,500 சதுர அடி. ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 325 லிட்டர். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். பெருக்கினால் நாலரை லட்சம் லிட்டர். ஆவியாவது, தெறிப்பது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் முப்பது லாரித் தண்ணீர். லாரிக்கு 4,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. முப்பது லாரியையும் வருடாவருடம் நாங்களே குழாய் போட்டுச் சாலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு உத்தரவு போட்டபோது எங்கள் வாசலிலும் ஒரு குழி தோண்டியிருக்கிறார்கள். அதில் இப்போது செம்பருத்தி வளர்கிறது.

சங்கச் செயலாளர் வயதானவர், நல்ல மனிதர். பத்து வருடமாக வேறு யாரும் வராததால் அவரே செயலாளர். அவரிடம் போய், "சார், பின்னாடி கிணத்தத் திறந்து பார்க்கலாமா? மாடித் தண்ணியை அதுல விட்டா என்ன?" என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "யாராவது செஞ்சா நல்லதுதாம்மா" என்றார்.

அந்த 'யாராவது'வை அதற்கு முன் ஆயிரம் முறை கேட்டிருப்பேன், நானும் சொல்லியிருப்பேன். அலுவலகத்தில், மகன் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், கோயில் வரிசையில். அன்றுதான் அது எனக்கு ஒரு காலி நாற்காலியாகத் தெரிந்தது. தலைமை என்றால் பதவி, மேடை, மைக் என்று நினைத்து வளர்ந்தவள் நான். இதற்குத் தேர்தலும் இல்லை, போட்டியும் இல்லை. "சரி சார், நான் பார்க்கிறேன். ஆனா நீங்க கூட இருக்கணும்" என்றேன்.

முதல் கூட்டத்தைக் கெடுத்தது நான்தான். எல்லாவற்றையும் தயாராகக் கொண்டுபோனேன்: படம், செலவு, தேதி, எந்தக் குழாய் எங்கே திரும்ப வேண்டும் என்பது வரை. முக்கால் மணி நேரம் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். "பார்க்கலாம்" என்று சொல்லிக் கலைந்தார்கள். பன்னிரண்டில் ஐந்து வீடு வாடகைக்காரர்கள். அவர்கள் வாயே திறக்கவில்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் குடிமராமத்து நடந்ததை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். ஆள் வராத வீடும், வாய்க்கால் எங்கே மேடுதட்டியிருக்கிறது என்று தெரியாத வீடும் கிடையாது என்பார். என் திட்டத்தில் யாருக்கும் மண்வெட்டி போடுகிற இடமே இல்லை. எல்லாவற்றையும் நானே முடித்துவைத்திருந்தேன்.

அடுத்த வாரம் வீடு வீடாகப் போனேன், இந்தத் தடவை கேட்பதற்கு. இரண்டாம் மாடி மாமி கட்டடம் எழும்பிய நாளிலிருந்து இங்கே இருப்பவர். "பதினஞ்சு அடியில தண்ணி கெடக்கும்டி, வெண்கலச் சொம்பு விழுந்தா கண்ணுக்குத் தெரியும்" என்றார். கிணறு எத்தனை உறை என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருந்தது. மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர். என் படத்தை வாங்கி, வடிகட்டும் தொட்டி நான் போட்ட இடத்தில் வந்தால் சாக்கடை மூடிக்குப் பக்கமாகிவிடும் என்று தள்ளிப் போட்டுக் கொடுத்தார். வாடகைக்கு இருக்கும் தம்பி ஒருவர் மேல்தொட்டி நிரம்பினால் கூவுகிற அலாரம் வாங்கி அவரே மாட்டினார். "நீங்க வந்து கேட்டதே பெரிசுக்கா. வாடகைக்கு இருக்கிறவங்ககிட்ட யாரு கேப்பா?" என்றார். அந்த வார்த்தை இன்னும் எனக்குள் இருக்கிறது.

இரண்டாவது கூட்டம் இருபது நிமிடத்தில் முடிந்தது. நான் பேசியது கொஞ்சம்தான். மாமியும் பொறியாளர் சாரும் பேசினார்கள். உரிமையாளர்கள் வீட்டுக்கு 3,000 போட்டார்கள். சங்கச் சேமிப்பிலிருந்து 5,000 எடுத்தோம். மொத்தம் 41,000.

பணம் வாங்கியதுமே முதல் வேலையாகக் கரும்பலகைக்குப் பக்கத்தில் கணக்குத் தாள் ஒட்டினேன். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை முறையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினர்களும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்று வெட்டிவைத்திருக்கிறார்கள். ஏரி வாரியத்துக்கும் அதே விதிதான். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் கல்லில் எழுதினார்கள், நான் ஏ4 தாளில் எழுதினேன். ஆணி, டேப், டீச் செலவு வரை.

ஒப்பந்தக்காரர் வந்தார். நான் கேள்வி கேட்பேன், அவர் பக்கத்தில் நிற்கும் என் கணவரைப் பார்த்துப் பதில் சொல்வார். மூன்றாவது தடவை என் கணவர், "அவங்கதான் பார்க்கிறாங்க, அவங்ககிட்டயே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த நிமிடத்தில் அவர் செய்தது எனக்குப் பெரிய உதவி.

கிணற்றைத் திறந்த நாளைச் சொல்லியாக வேண்டும். ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை. சைக்கிளையும் டப்பாக்களையும் அகற்றி, துளசி மாடத்தை மாமி சொன்ன இடத்தில் வைத்து, கடப்பாரையால் நெம்பிப் பலகையை நகர்த்தினார்கள். அடைபட்ட நாற்றம் குப்பென்று வந்தது. தூர்வார வந்த இரண்டு பேரில் பெரியவர் ஒரு அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கினார். எட்டு உறை வரை வெளிச்சம் தெரிந்தது. அதற்குக் கீழே சுடர் சுருங்கிச் சிறுத்து, அணைந்தது.

ஒப்பந்தக்காரர் எட்டிப் பார்த்தார். "பத்து நிமிஷம் காத்தாடட்டும், சரியாயிடும். இடுப்புல கயித்தக் கட்டிட்டு இறங்கிடலாம்" என்றார். சின்னவர் சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். இருபது வயதுதான் இருக்கும். சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறோம். பொறியாளர் சார் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் ஒப்பந்தக்காரரைப் பார்த்தார். பெரியவர் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாராவது சொல்லட்டும் என்று நின்றோம். ஐந்து விநாடி இருக்கும் அந்த மௌனம். எனக்குக் கை நடுங்கியது.

"வேண்டாம். இன்னிக்கு யாரும் இறங்க வேண்டாம்" என்றேன்.

"நாள் கூலி போயிடும்மா" என்றார் ஒப்பந்தக்காரர். "கூலி கொடுத்துடறோம்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இருந்ததா என்று அப்போது யோசிக்கவில்லை. உடனே செயலாளர், "ஆமா, சங்கம் கொடுக்கும்" என்றார். பொறியாளர் சார், "ப்ளோயர் வாடகைக்குக் கிடைக்கும், நான் ஏற்பாடு பண்றேன்" என்றார். ஒருவர் வாயைத் திறந்ததும் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. சின்னவர் சட்டையை மறுபடி போட்டுக்கொண்டார்.

மறுநாள் ப்ளோயர் வைத்துக் காற்றை உள்ளே செலுத்தி, தூக்கும் பெல்ட் மாட்டி, மேலே இரண்டு பேர் கயிற்றைப் பிடித்த பிறகே இறங்கினார்கள். இதைப் படிப்பவர்கள் யாராவது பழைய கிணற்றைத் திறப்பதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன்: விளக்கு எரிவதை மட்டும் நம்பாதீர்கள். விளக்கு அணையாமல் எரிகிற காற்றிலும் ஆளைக் கொல்லும் வாயு இருக்கலாம். வாயு அளக்கும் கருவி வைத்திருப்பவர்களாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

மூன்று நாள் தூர்வாரினார்கள். அடியில் மாமியின் சொம்பு கிடைக்கவில்லை, இரும்பு வாளி ஒன்று கிடைத்தது. மாடிக் குழாய்களை இணைத்து, கூழாங்கல், ஜல்லி, மணல் போட்ட வடிகட்டும் தொட்டி கட்டி, அங்கிருந்து கிணற்றுக்கு விட்டோம். முதல் மழை மாடியைக் கழுவிக்கொண்டு வரும் என்பதால் அதை மட்டும் வெளியே விட ஒரு வால்வு. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியபோது குடை பிடித்துக்கொண்டு பதினைந்து பேர் கிணற்றைச் சுற்றி நின்றோம். குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் மாமி கைகூப்பினார்.

இதற்குப் பிறகு அலுவலகத்திலும் நான் கொஞ்சம் மாறினேன். மாதக் கடைசியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு குளறுபடி, யாரும் எடுத்துச் சொல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து மேசையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எடுத்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன்.

கரும்பலகை இப்போது என் கையில் இல்லை. முதல் மாடியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் எழுதுகிறாள். கிணற்று நீர்மட்டத்துக்குத் தனியாக ஒரு வரியும் சேர்த்திருக்கிறாள். செப்டம்பரில் மாடியைக் கூட்டி வடிகட்டும் தொட்டியின் மணலை அலசிப் போடுவது தளத்துக்கு ஒரு வருடம் என்று முறை வைத்துக்கொண்டோம். போன வருடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் நான் ஊரில் இருந்தபோது ஞாபகப்படுத்தலாம் என்று போன் போட்டேன். "அதெல்லாம் போன ஞாயித்துக்கிழமையே முடிஞ்சுதுக்கா" என்றார் வாட்ச்மேன் அண்ணன்.

போன வாரம் பக்கத்துத் தெருக் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவர்கள் வளாகத்திலும் மூடிய கிணறு ஒன்று இருக்கிறதாம். "எங்க சங்கத்துல கேட்டேன், யாராவது பண்ணா நல்லதுன்னு சொல்றாங்க" என்றார். உட்காரவைத்து, காபி கொடுத்து, செலவுத் தாளின் நகலைக் கையில் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாமியும் பொறியாளர் சாரும் போய்ப் பார்க்கிறார்கள். பலகையை நகர்த்துவதற்கு முன்பே ப்ளோயருக்குச் சொல்லிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.