பெரிய எஸ்யூவிக்கு இரட்டைப் புகைக்குழாய்: சேலத்தில் செய்த வேலை

எங்கள் வீட்டில் இருப்பது முதல் தலைமுறை டொயோட்டா ஃபார்ச்சூனர். 2,982 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ டீசல், பின்னால் ஒரே ஒரு புகைக்குழாய். பம்பருக்குக் கீழே இரு பக்கமும் குழாய் தெரிந்தால்தான் அந்த உடம்புக்குப் பொருத்தமாக இருக்கும் என்பது என் நெடுநாள் ஆசை. அதைச் சேலத்துப் பட்டறை ஒன்றிலேயே நிறைவேற்றிக்கொண்டேன்.

வி வடிவ எஞ்சின்களில் இரு வரிசை சிலிண்டர்களுக்கும் தனித்தனி வெளியேற்றப் பாதை உண்டு என்பதால், அங்கே இரட்டைக் குழாய் எஞ்சினின் அமைப்போடு இயல்பாகவே ஒத்துப்போகிறது. எங்கள் வண்டியிலோ நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒரே டர்போவைக் (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் கருவி) கடந்து ஒரே குழாயில் வருகிறது. சைலன்சரைத் தாண்டிய பிறகு அதை இரண்டாகப் பிரிப்பதால் எஞ்சினின் இழுவைத் திறன் அதிகரிக்காது. ஆகவே இது தோற்றத்துக்காகச் செய்யும் வேலை என்று தெளிவாக ஏற்றுக்கொண்டு, கம்பெனி சைலன்சரை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் மட்டும் கை வைத்தோம். சைலன்சரைக் கழற்றிவிட்டால் சத்தம் கம்பீரமாக இருக்கும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 60 வெடிப்புகள் நிகழ்கின்றன. அந்தத் தாழ்ந்த ரீங்காரம் பெரிய கேபினுக்குள் தேங்கி நின்றால் ஓமலூர் போவதற்குள் தலை கனத்துவிடும்.

உண்மையான சிரமம் வண்டிக்கு அடியில்தான் இருக்கிறது. ஸ்டெப்னி சக்கரம் பின்பக்கத் தளத்துக்குக் கீழே தொங்குகிறது. அதற்கு முன்னால் பின் அச்சு மேலும் கீழும் ஆடுகிறது. பிரேக் குழாயும் ஹேண்ட் பிரேக் கேபிளும் அந்தப் பக்கமே ஓடுகின்றன. இவற்றுக்கிடையே புதிய குழாயை மறுபுறம் கொண்டுபோக வேண்டும், அதே சமயம் ஸ்டெப்னியை இறக்கவும் இடம் விட வேண்டும். வண்டி சும்மா நிற்கும் நிலையில் அளவெடுத்தால் போதாது. ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்பிரிங் முழுவதும் அமுங்கிய நிலையில், அச்சுக்கும் குழாய்க்கும் இடையே இரண்டு விரற்கடையாவது இடைவெளி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பட்டறைக்காரர் பற்ற வைத்தார். வண்டியின் அடிச்சட்டமான சேஸில் புதிதாக ஓட்டை போடாமல், இருக்கும் ஓட்டைகளிலேயே சைலன்சர் ரப்பர்களைத் தாங்கும் கொக்கிகளைப் பொருத்தியது அவருடைய வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

உருக்காலை இருக்கும் ஊரில் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) குழாய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். மாடிப்படிக் கைப்பிடிக்கு வரும் குழாய் பெரும்பாலும் நிக்கல் குறைந்த 202 ரகம். அது இந்த வேலைக்கு வேண்டாம். காந்தம் ஒட்டினால் மட்டமான எஃகு என்ற நம்பிக்கையும் இங்கே பொருந்தாது. கார் நிறுவனங்கள் புகைக்குழாய்க்குப் பரவலாகப் பயன்படுத்தும் 409 ரகத்தில் குரோமியம் சுமார் 11 சதவீதம், அதில் காந்தம் நன்றாகவே ஒட்டும். எங்களுக்குக் கிடைத்தது 304. அது துருவை நன்கு தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் நீளும்: 300 டிகிரி வெப்பம் ஏறினால் ஒரு மீட்டர் குழாய் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அதனால் குழாயை எங்கும் இறுக்கிக் கட்டாமல் ரப்பரில் தொங்கவிட்டோம். இணைப்புகளை ஆர்கான் வெல்டிங்கில் முடித்தார்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவதையும், எர்த் கிளாம்பைப் பற்ற வைக்கும் இடத்தருகே மாட்டுவதையும் நீங்களே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. புகை இரண்டாகப் பிரியும்போது வேகம் குறைந்து சீக்கிரம் குளிர்வதால், ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியில் அந்த நீர் குழாயின் தாழ்ந்த வளைவில் தேங்கும். இரு கிளைகளும் முனை நோக்கிச் சற்றே சரிந்திருக்க வேண்டும். முனை பம்பரைத் தாண்டி வெளியே நீள வேண்டும், இல்லாவிட்டால் டிக்கிக் கதவைத் திறந்து வைத்திருக்கும்போது புகை உள்ளே புகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஒலி, புகை வரம்புகளை மீறினால் 190ஆம் பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. வேலைக்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது முறை. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டியாக இருந்தால், புகையைச் சுத்திகரிக்கும் வடிகட்டியையும் அதன் சென்சார்களையும் யாரும் தொடவே விடாதீர்கள்.

சோதனைக்கு ஏற்காட்டுச் சாலையை விட நல்ல இடம் எங்களுக்கு இல்லை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள்; ஆட்களை நிறைத்துக்கொண்டு தாழ்ந்த கியரில் ஏறும்போது குழாய் நன்றாகச் சூடேறும், ஒவ்வொரு வளைவிலும் பின் அச்சு ஒரு பக்கம் அமுங்கும். மேலே போனதும் குனிந்து, ரப்பர் உரசிய தடம் உண்டா, இணைப்புகளில் புகை கசியாமல் அடைக்கும் பேக்கிங் ஓரம் கரி படிந்திருக்கிறதா என்று பார்த்தோம். உரசல் இல்லை, ஒரு ஃபிளாஞ்சின் (குழாய்களை போல்ட்டால் இணைக்கும் தட்டு) ஓரத்தில் மட்டும் மெல்லிய கரிக்கோடு தெரிந்தது. இறங்கி வந்து, குழாய் ஆறிய பிறகு அந்த போல்ட்டுகளை மறுபடி இறுக்கியதும் அதுவும் நின்றுவிட்டது.